கேட்காமலே புதுசாக்கித் தருபவர்

கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் தாங்கிக்கொள்ள முடியாத ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. உங்கள் வீட்டுக்கும் ஒருமுறையாவது வந்து போயிருக்கும். காப்பி குடிக்க வந்தவர், கோப்பையைக் கீழே வைப்பதற்குள் உங்கள் கணினி முன் உட்கார்ந்து, உச்சுக்கொட்டி, "இன்னுமா இத வச்சிருக்கீங்க?" என்று கேட்டு, நீங்கள் பதில் சொல்வதற்கு முன்பே எதையோ அழித்திருப்பார். கூலி வாங்கமாட்டார். அதுதான் ஆபத்து. வாங்கினாலாவது திட்டலாமே?

ஈப்போ நகரத்துச் சிலிபின் பகுதியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி தனேஸ்வரன். தன் கைப்பேசிக்குத் தானே கண்ணாடி ஒட்டிக்கொண்ட நாள் முதல் அவருக்குத் தெரியாத தொழில்நுட்பம் கிடையாது. ஒரு சனிக்கிழமை காலை அவர் கண்ணில் பட்டது புஷ்பலதாவின் கணினி.

புஷ்பலதாவுக்குப் பார்வை கிடையாது. பழைய விண்டோஸ், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஒரு குரல், படமும் பளபளப்பும் இல்லாமல் முகநூலை வரிவரியாக இறக்கித் தரும் ஒரு சின்ன மென்பொருள், இவற்றை வைத்துக்கொண்டு மூடிப்போன ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரு பக்கம் நடத்திவந்தார். தெலுக் இந்தான், லூமுட் என்று ஊர் ஊராகச் சிதறிப்போனவர்களுக்கு யார் வீட்டில் சாவு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் தெரியும். சாவென்றால் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் போய் நிற்பது தோட்டத்துப் பழக்கம். தோட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை.

அன்றைக்கும் ஒரு செய்தி வந்திருந்தது.

"தம்பி, ஒரு சாவுச் செய்தி போடணும். சாயங்காலம் எடுக்கிறாங்க. போட்டுட்டுக் குடுக்கிறேன்."

"செனாங் லா அக்கா, சுலபமான வேலை, அஞ்சே நிமிசம். புதுசாக்கிட்டா பறக்கும்."

செத்தது யார் என்று தனேஸ்வரன் கேட்டாரா? கேட்பது இந்த இனத்தின் வழக்கமில்லை.

அந்த ஐந்து நிமிடம் மதியச் சாப்பாட்டைத் தாண்டியது. கணினி ஓயாமல் பேசியது தொந்தரவாக இருக்கவே முதலில் குரலை நிறுத்தினார். படமே இல்லாத மென்பொருளைப் பார்த்ததும் ஏதோ வைரஸ் என்று முடிவுகட்டி அழித்தார். பிறகு புது விண்டோஸை ஏற்றி, மலையும் ஏரியுமாக ஒரு படத்தைத் திரையில் போட்டு, மனம் நிறைந்து சொன்னார்.

"பாருங்கக்கா, எவ்ளோ அழகா இருக்கு."

யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

புஷ்பலதா விசைகளைத் தட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. "தம்பி, இது பேசலையே. என் சாப்ட்வேர் எங்க?"

"அது லாமா அக்கா, ரொம்பப் பழசு. புதுசுல ஓடாது. பழகிக்கலாம் லா."

மனப்பாடமாகத் தெரிந்த நாலைந்து எண்களுக்கு மட்டும் புஷ்பலதா போன் போட்டார். தனேஸ்வரனோ வீட்டுக்குப் போய், கணினியோடு எடுத்த படத்தை முகநூலில் ஏற்றி, 'என்னால் முடிந்த தொண்டு' என்று எழுதி, லைக் வருவதைப் பார்த்தபடி மாலையை இன்பமாகக் கழித்தார்.

மறுநாள் கோபத்தோடு வந்து நின்றார்.

"என்னக்கா, ஆயாக்கொட்டாய் செல்லாயி போயிட்டாங்களாம். நேத்தே எடுத்தாச்சாம். உங்க பக்கத்துல ஒரு வார்த்தை போடலையே?"

தாய்மார் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகை அது. தனேஸ்வரனை அங்கே இடுப்பில் தூக்கி வளர்த்தவர் செல்லாயி. தனேஸ்வரனின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"அதத்தானே தம்பி போடணும்னு சொன்னேன்," என்றார் புஷ்பலதா.

தனேஸ்வரனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கணினிப் பக்கம் போனார்.

"பழசயே திரும்பப் போட்டுத் தாரேன்கா. ஆனா இந்தக் கீபோர்டு ரொம்பத் தேஞ்சு போச்சு. மாத்திரலாமா?"

கேட்கும்போதே அதன் ஒயரைப் பிடுங்கியிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் "குடும்மா, சரிபண்ணித் தாரேன்" என்று உங்கள் அம்மாவின் கைப்பேசியை வாங்கினீர்களே, அதற்கப்புறம் அவர் தானாக யாருக்காவது போன் செய்தாரா?