கூரைக்கு வேர்த்த கதை

ஏழே நாளில் என் மனைவியை மாடிக்குக் கொண்டுவந்துவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

தூரம் ஒன்றும் அதிகமில்லை. பதினாறு படி. எங்கள் படுக்கையறை மாடியில், தகர ஷீட் போட்ட அறை. குளிர் ஆரம்பித்ததும் விடியற்காலையில் ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டும். அறையில் எவ்வளவோ இடம் இருக்க, குறிபார்த்து அவள் நெற்றியில்தான் சொட்டும். பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே மகள் அறைக்குப் போய்விட்டாள்.

"சொட்டு நின்னா சொல்லுங்க, வர்றேன்."

அவள் இல்லாத கட்டில் மைதானம் மாதிரி இருந்தது. படுத்ததும் என்னைத் திட்ட ஆரம்பிப்பாள். பாதித் திட்டிலேயே தூங்கிப்போவாள். மீதியைக் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அந்தப் பாதித் திட்டுக்கு இப்படி ஏங்குவேன் என்று நான் நினைக்கவே இல்லை. கீழேயிருந்து அம்மாவும் மகளும் சிரிக்கிற சத்தம் வேறு.

ஷீட்டில் ஓட்டை என்று நினைத்து, கூரைமேல் ஏறி ஆணி ஆணியாகத் தார் பூசினேன். சொட்டியது. குளிர் உள்ளே வருவதால்தான் என்று ஜன்னலை மூடி, இண்டு இடுக்கெல்லாம் துணி திணித்தேன். இன்னும் நன்றாகச் சொட்டியது. ஆறாம் நாள் பக்கத்து வீட்டு வெல்டரைப் பிடித்தேன். ஷீட் கூரை போடுவதே அவர் தொழில்.

"மழையே இல்லாம ஒழுகுதுங்க. ஜன்னல், இண்டு இடுக்கெல்லாம் அடைச்சும் நிக்கலை."

"ஒழுகலைங்க. ஷீட்டுக்கு வேர்க்குது."

"இந்தக் குளிர்லயா?"

"குளிர்லதான். உள்ளே இருக்கிற ஈரக் காத்து மேலே போயி, ஜில்லுனு இருக்கிற தகரத்துல பட்டா தண்ணியாயிடும். நீங்க அது வெளியே போக வழியில்லாம வேற அடைச்சு வச்சிருக்கீங்க. ரூமுக்குள்ள துணி காயப் போடுறீங்களா?"

"ரெண்டே ரெண்டு கொடி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கொடிகளை அவிழ்த்தோம். ஷீட்டுக்கு அடியில் இடைவெளி விடாமல் ஃபோம் ஒட்டி, சேருகிற இடங்களை டேப் போட்டு மூடினோம். எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் காற்று போக வலை வைத்த துவாரங்கள். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சபதமும் கெடு தாண்டிவிட்டது. போகட்டும். மூன்று விடியற்காலை அவள் படுக்கிற பக்கத்தில் செய்தித்தாள் விரித்துச் சோதித்தேன். தாள் மொறுமொறுவென்று கிடந்தது. எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"ஒரு சொட்டு இல்லை, பாரு!"

"அட, எப்படிங்க நின்னுச்சு?"

கேட்டாளே! இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் விளக்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெல்டர் சொன்னது போதாதென்று என் சரக்கையும் சேர்த்துவிட்டேன்.

"துணி மட்டும் இல்லைம்மா. நாம விடுற மூச்சுலயே ஈரம் இருக்கு. ராத்திரி பூரா விட்டா ஒரு சொம்புத் தண்ணி!"

"வாயைத் திறந்துக்கிட்டு விட்டா?"

"இன்னும் ஜாஸ்தி!"

"சத்தமா விட்டா?"

"கேட்கவே வேண்டாம்!"

"சாயந்திரம் மேலே வர்றேங்க" என்றாள். என்ன ஒரு சிரிப்பு!

புது விரிப்பு விரித்து, படியின் உச்சியில் புதுமாப்பிள்ளை போல நின்றேன். தலையணையோடு வந்தாள். பின்னாலேயே போர்வையோடு மகள். மனைவி தன் தலையணையை வைத்துவிட்டு, என் தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"இவ்வளவு கஷ்டப்பட்டுச் சரி பண்ணியிருக்கீங்க. மறுபடியும் நீங்களே சொம்பு சொம்பா ஊத்தணுமா? வாயைத் திறந்துக்கிட்டு, சத்தமா..."

"அப்போ உன் மக? அவ மூச்சு விடலையா?"

"அவ மூக்கால விடுறா."

இப்போது கீழே மகள் அறையில் நான். மேலே அம்மாவும் மகளும் சிரிக்கிற சத்தம் பதினாறு படி இறங்கி வருகிறது. தினமும் விடிந்ததும் நெற்றியைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறேன். பாழாய்ப்போன கான்கிரீட் கூரை, ஒரு சொட்டுகூடச் சொட்ட மாட்டேன் என்கிறது.