கொக்கி வைத்த சறுக்குக்கட்டை

மூன்று கொக்கிகள் கழன்றுவிட்டன. நான்காவது மட்டும் துருப்பிடித்து, கழற்ற வராமல் அடம்பிடித்தது.

ஓட்வார் திருப்புளியைக் கீழே வைத்தார். காலில் கட்டிப் பனியில் சறுக்கும் அந்த இரண்டு சறுக்குக்கட்டைகளும் அவர் வீட்டு நடையில் இரண்டு வருடமாகக் கோட்டு மாட்டும் பலகையாக இருந்தவை. வீட்டை விற்றவர் சுவரோடு விட்டுப்போனவை. ஒன்று மற்றதைவிட நாலு விரல் நீளம். ஞாயிறுதோறும் காபிக்கு வரும் பக்கத்து வீட்டு யோரூனின் பச்சைக் கோட்டும் இவற்றில்தான் தொங்கும். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே என்று நேற்று சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். அது இன்னும் காயவில்லை.

எல்லாம் ஒரு பொய்யால் வந்த வினை. ஓட்வார் கடற்கரை ஊரில் நாற்பது வருடம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர். அங்கே பனி விழுந்தாலும் மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். இந்த மலைப் பள்ளத்தாக்கிலோ பிள்ளைகள் நடப்பதற்கு முன்பே சறுக்கப் பழகிவிடுகிறார்கள். போன ஞாயிறு யோரூன் சும்மாதான் கேட்டாள்: "ஸ்டோர்னூட் மலை மேல ஜூலையிலயும் பனி கிடக்கு. நீங்க சறுக்குவீங்கதானே?"

"சின்ன வயசுலேர்ந்து" என்று சொல்லிவிட்டார் ஓட்வார். இன்று சேர்ந்து ஏறுவதென்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. ஸ்டோர்னூட் உச்சியில், கற்குவியலுக்குள் ஒரு தகரப்பெட்டி, அதில் ஒரு நோட்டு. ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு வரியில் பெயர் எழுதுவார்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதுவார்கள். யோரூனின் கணவர் ஸ்டைனார் இறந்து ஆறு வருடம். அவளிடம் வாயால் கேட்க ஓட்வாருக்குத் தைரியம் இல்லை. பென்சிலால் கேட்டுவிடலாம் என்றிருந்தார்.

வாசலில் கார் வந்து நின்றது.

யோரூன் இறங்கிக் கட்டைகளைச் சுற்றி வந்தாள். "இது என்ன மாடல்?"

"கோடைக்குன்னே செஞ்சது."

"இந்தக் கொக்கி?"

"அது வந்து... பிரேக்."

"ஓகோ" என்றாள். அவர் காலில் கிடந்த ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். "இதுவும் கோடைக்கா?"

"காத்தோட்டமா இருக்கும்."

மலையடிவாரத்தில் ஒரு தங்கும் குடில். அதைப் பார்த்துக்கொள்பவர் ஆர்ன்ஃபின், யோரூனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஓட்வாரைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்க யோரூன் உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து, நீள நீளமாக வெட்டிய ஒரு தேங்காய்நார்க் கால்மிதியோடும் ஒரு உருண்டைச் சணலோடும் வந்தாள்.

"ஏறும்போது கட்டை பின்னால வழுக்காம இருக்க அடியில இதைக் கட்டிக்கலாம். பூட்ஸைக் கட்டையோட சேர்த்துக் கட்டச் சணல். அவன்கிட்ட வேற ஒண்ணும் இல்லையாம்."

கால்மிதி பின்னால் வழுக்கவிடவில்லை. முன்னாலும் போகவிடவில்லை. ஓட்வார் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, வாத்து மாதிரி ஏறினார். சணல் நனைந்து தளர்ந்தது. இறுக்கிக் கட்டினார். மறுபடி நனைந்து, இந்த முறை முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. அவிழ்க்கப் போனதில் கைகளெல்லாம் சிவப்பு. அந்தக் கையால் நெற்றி வேர்வையைத் துடைத்ததில் முகமும் சிவப்பு.

"யாரையாவது வெட்டிட்டு வந்தவர் மாதிரி இருக்கீங்க" என்றாள் யோரூன்.

அப்போதுதான் இடது கட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். திரும்பினால் செம்மறி ஆடு. அதன் பின்னால் இன்னும் இரண்டு. ஈக்கடிக்குப் பயந்து பனியில் படுத்திருந்தவை. கால்மிதியை நக்கு நக்கென்று நக்கின.

"எங்க கிடந்த கால்மிதி இது?"

"ஆடுகளுக்கு வைக்கிற உப்பு மூட்டைக்கு அடியில" என்றாள் யோரூன், கொஞ்சம் தயங்கி.

ஓட்வார் ஊன்றி வந்த துடைப்பக்கட்டையால் விரட்டிப் பார்த்தார். ஒரு ஆடு துடைப்பத்தையும் நக்கிப் பார்த்தது. அதற்குமேல் அவை விடுவதாக இல்லை. அவர் நாலு அடி வைத்தால் அவையும் நாலு அடி வைத்தன.

"மூணு பேரும் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள் யோரூன்.

"தூரத்துச் சொந்தம்."

பாறையில் உட்கார்ந்து பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றார்கள். யோரூன் ஆரஞ்சை உரித்தாள். "ஸ்டைனார் நாற்பது நிமிஷத்துல உச்சிக்குப் போயிடுவார். இறங்க நாலு நிமிஷம். பதினோரு மணிக்கு வீட்ல இருப்போம். முப்பது வருஷத்துல ஒரு ஆரஞ்சைக்கூட நான் இந்த மலையில முழுசாத் தின்னதில்ல."

ஓட்வார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. பாதி மலைகூட ஏறவில்லை. நல்ல சறுக்குவீரனோடு வாழ்ந்தவளை ஒரு நாள் முழுக்க ஆட்டு மந்தையோடு நடக்க வைத்துவிட்டோமே என்று குறுகிப்போனார்.

உச்சிக்கு வரும்போது மணி மூன்று. முடிச்சு அவிழாததால் ஓட்வார் பூட்ஸிலிருந்து காலை உருவிக்கொண்டு, சாக்ஸோடு கற்களில் நின்றார். கட்டைகளைப் பனியில் செங்குத்தாக நட்டார். பூட்ஸ் இரண்டும் அவற்றில் தொங்கின. வெயில் சுட்டது. யோரூன் தன் பச்சைக் கோட்டைக் கழற்றினாள். தூரத்து மலைகளைப் பார்த்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் கையை நீட்டி, கோட்டைக் கொக்கியில் மாட்டினாள்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"என் கொக்கி" என்றாள் யோரூன் மெதுவாக. "இடது பக்கம் ரெண்டாவது."

ஓட்வார் ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குச் சறுக்கத் தெரியாது யோரூன்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க குடிவந்த அன்னிக்கு, வாசல் படியில இருந்த பனியில மூணு தடவை விழுந்தீங்க. ஜன்னல்ல பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவர் தகரப்பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார். வழியெல்லாம் மனதில் எழுதிப் பார்த்த வரி இப்போது கைக்கு வரவில்லை. பொய்யும் சொல்லி, அவள் நாளையும் பாழாக்கியவனுக்கு அதைக் கேட்க என்ன முகம் இருக்கிறது. அந்த யோசனையே தலையெடுக்காதபடி, தன் பெயரை மட்டும் ஓரம் முதல் ஓரம் வரை பெரிது பெரிதாக எழுதிவிட்டுப் பென்சிலை நீட்டினார்.

யோரூன் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இடமே வைக்கலியே" என்றாள். பிறகு கீழ் வரியில் தன் பெயரை எழுதினாள்.

இறங்க ஒரே வழிதான் இருந்தது. ஓட்வாரின் இரண்டு கட்டைகளையும் சேர்த்துக் கட்டி, யோரூன் தன் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால், ஓட்வார் பின்னால், பனிவண்டிபோல உட்கார்ந்து இறங்கினார்கள். கொக்கி உண்மையிலேயே பிரேக்தான். பனியை உழுதுகொண்டு, நாலு நிமிடச் சரிவை முக்கால் மணி நேரத்தில் கடந்தார்கள். நடுவழியில் ஆடுகள் முந்திக்கொண்டு போயின. யோரூன் சிரித்த சிரிப்பில் வண்டி இரண்டு தடவை கவிழ்ந்தது. தன் மேல் உள்ள பரிதாபத்தில்தான் சிரிக்கிறாள் என்று ஓட்வார் நினைத்துக்கொண்டார்.

குடில் வாசலில் ஆர்ன்ஃபின் புகையிலைக் குழாய் புகைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரின் பின்புறத்திலும் இருந்த சிவப்புக் கோடுகளை மாறி மாறிப் பார்த்தார்.

"மன்னிக்கணும்" என்று ஓட்வார் நார் நாராகக் கிழிந்த கால்மிதியை நீட்டினார். "நாசமாயிடுச்சு. உங்ககிட்ட வேற சாமானே இல்லைன்னு யோரூன் சொன்னாங்க."

யோரூன் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். காது சிவந்திருந்தது, அது பெயிண்ட் இல்லை.

ஆர்ன்ஃபின் வாயிலிருந்து குழாயை எடுத்தார். "வேற இல்லையா? நாற்பத்திநாலு சைஸ் பூட்ஸ், நல்ல கட்டை எல்லாம் எடுத்து வைன்னு நேத்து போன் பண்ணினதே இவதான். காலையில வந்து, 'அதையெல்லாம் கொடுத்தா சீக்கிரம் போயிட்டு வந்துடுவோம், இந்தக் கால்மிதியை வெட்டிக் கொடு'ங்கறா."