கொடுக்காத ரத்தத்துக்கு ஒரு மயக்கம்

என் வாழ்நாளில் நான் திருடிய பொருள் ஒன்றே ஒன்று: ஒரு துண்டுப் பஞ்சு. கூடவே இரண்டு அங்குலம் பிளாஸ்திரியும் எடுத்ததால், இரண்டு பொருள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட விதத்தைப் பார்த்தால், பெரிய திருட்டுகளுக்கு நான் லாயக்கில்லை என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டிய அப்பார்ட்மென்ட்டில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தேன். வீடு அண்ணனுடையது. கனடாவில் இருந்துகொண்டு, இங்கே ஒன்று கிடக்கட்டும் என்று வாங்கிப் போட்டிருந்தான். வாடகைக்கு விட்டால் சுவரெல்லாம் ஆணி அடித்துவிடுவார்கள் என்று பயந்து என்னைக் குடிவைத்தான். (எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது என்பதுதான் என்னுடைய முக்கியத் தகுதி.) அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டிருந்தார்கள். வேலை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. அதையும் வீட்டிலிருந்தே பார்த்தேன்.

சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியது மொத்தமே நான்கு எண்கள்தான். பார்சல் கொண்டு வருபவர், "ஓடிபி சொல்லுங்க" என்பார். "ஏழு, மூணு, மூணு, ஒன்பது" என்பேன். அவர் போய்விடுவார். நாளாக ஆக, அந்த நான்கு எண்களையும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

இப்படிப் பதினோரு மாதம் ஓடிய பிறகு, ஒரு மாலை காலிங் பெல் அடித்தது. நான் எதையும் ஆர்டர் செய்திருக்கவில்லை. கதவைத் திறந்தால் எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர். சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பார்ட்மென்ட் சங்கத்தில் செயலாளர். லிஃப்ட்டில் பார்த்தால் இருவரும் சிரித்துக்கொள்வோம். அதற்கு மேல் போனதில்லை.

"ஞாயித்துக்கிழமை கிளப் ஹவுஸ்ல பிளட் டொனேஷன் கேம்ப் வைக்கிறோம்மா. நீங்க குடுப்பீங்களா?"

"கண்டிப்பா டீச்சர்" என்றேன். அந்த நிமிஷத்தில் அவர் கிட்னி கேட்டிருந்தாலும் இடது வேண்டுமா வலது வேண்டுமா என்றுதான் கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் தயாரானதை ஒரு கல்யாணப் பெண் பார்த்தால் வெட்கப்பட்டிருப்பாள். தலைக்குக் குளித்தேன். கையை மடித்துவிட வசதியாகத் தளர்வான குர்தா ஒன்றைத் தேடி அயர்ன் செய்தேன். ரத்தம் எடுக்கிற விஷயமாயிற்றே என்று, சுகர் டெஸ்ட்டுக்குப் போவதுபோல் முந்தின ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று லிஃப்ட்டில் ஒட்டியிருந்த நோட்டீசிலேயே போட்டிருந்ததாம். நான் அதில் நேரத்தையும் இடத்தையும் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

கிளப் ஹவுஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நேற்று நன்றாகத் தூங்கினீர்களா? இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? சமீபத்தில் எடை குறைந்திருக்கிறதா? ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இரண்டு பக்கத்துக்கு இப்படியே போனது. ஒரு வருடத்தில் என்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் யோசித்து எழுதினேன். தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் ஓரத்தில் மூன்று வரி எழுதினேன். (ஆம் அல்லது இல்லை என்று டிக் அடித்தால் போதுமாம்.) 'கடைசி நான்கு மணி நேரத்தில் சாப்பிட்டீர்களா?' என்ற இடத்துக்கு வந்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் வரிசையில் இடம் போய்விடும். 'ஆம், நான்கு இட்லி' என்று எழுதினேன்.

கடைசியில், அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு கட்டம். பக்கத்தில் இருக்கும் ஒருவருடைய போன் நம்பர் வேண்டும். கனடா நம்பரை எழுத முடியாது. என்னுடைய போனில் இரண்டு சிம். இரண்டாவது சிம்மின் நம்பரை எழுதி மடித்துக் கொடுத்தேன்.

எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரைத் திருப்பி அனுப்பினார்கள். போன மாதம்தான் கையில் பச்சை குத்திக்கொண்டாராம் ஒருவர். இன்னொருவருக்கு முந்தா நாள்தான் பல் பிடுங்கியிருந்தது. மூன்றாமவரைத் தெருநாய் கடித்து, அவர் ஐந்து ஊசியும் போட்டு முடித்திருந்தார். "ஒரு வருஷம் கழிச்சு வாங்க சார்" என்றார் டாக்டர். "நாயே வுட்டுட்டுப் போயிருச்சு, நீங்க வுட மாட்டேங்கிறீங்களே" என்று அவர் சொல்ல, வரிசையே சிரித்தது. ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். என் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறத் திரவம் இருந்த கண்ணாடிக் குப்பியில் விட்டார். நல்ல ரத்தம் என்றால் அடியில் போய்விட வேண்டும். என்னுடையது மேலேயே நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். 'போ, போ' என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது ஜாலியாக மிதந்தது.

"மெஷின்லயும் ஒரு தடவ பாத்துடலாம் மேடம்" என்று பார்த்தார். ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி இரண்டு. "பன்னெண்டரை இருக்கணும். இந்த நிலைமையில உங்ககிட்ட எடுக்கறதவிட, உங்களுக்கு யாராவது குடுக்கலாம் போல இருக்கு" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பயப்பட ஒண்ணுமில்ல. அயர்ன் கம்மி. ஒரு டாக்டரப் பாத்து மாத்திரை எடுங்க. அந்தப் பக்கம் வழி."

அந்தப் பக்கம்தான் வினையே இருந்தது. வெளியே போகும் வழியில், ரத்தம் கொடுத்தவர்கள் இளைப்பாற இரண்டு வரிசை நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். எல்லோரும் முழங்கை மடிப்பில் பஞ்சோடு உட்கார்ந்து, ஜூஸைக் குடித்தபடி, எந்த பிளாக், எந்த ஊர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து மேஜையில் ஒரு தட்டு நிறையப் பஞ்சும் பிளாஸ்திரியும்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. பாத்ரூமில் போய் ஒட்டிக்கொண்டு, கையை மடக்கியபடி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தார். "வலிச்சுதா?" என்றார்.

"கொஞ்சம்கூட இல்ல" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை.

"ஃபர்ஸ்ட் டைமா?"

"நாலாவது தடவ."

எதற்காக நாலு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எதிர் வரிசையில் ஒருவர் "சூப்பர்" என்றார். இன்னொருவர் என் ஊர் தென்காசி என்றதும் தன் மாமியாருக்கும் அந்தப் பக்கம்தான் என்றார். தண்ணீர் லாரி எந்த நேரத்துக்கு வருகிறது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருப்பதையும், அதைப் பத்துப் பேர் கேட்கிறார்கள் என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்தேன். ஜூஸும் பிஸ்கட்டும் நீட்டினார்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருப்பதை எடுக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. "வேண்டாங்க, ஃபுல்லா இருக்கு" என்று மறுத்துவிட்டேன். (திருடியிலும் யோக்கியமான திருடி.)

அரை மணி நேரம் அப்படிப் போனது. அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். "டோனர்ஸ் எல்லாரும் வாங்க, குரூப் போட்டோ" என்று ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டார். வாசலில் வெயிலில் நிறுத்தினார்கள். நான் கடைசி வரிசை. பக்கத்தில் செக்யூரிட்டி தேவராஜ் அண்ணன், அவரும் கொடுத்திருந்தார்.

"இன்னா மேடம், மொகமே வெளுத்துக்கினு கீது?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. பதினாறு மணி நேரப் பட்டினியும் ஒன்பது புள்ளி இரண்டும் சேர்ந்து அதற்குமேல் விடவில்லை. அண்ணன்மேல் சரிந்தேன்.

நினைவு திரும்பியபோது தரையில் கிடந்தேன். கால்களை ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கண்ணைத் திறக்குமுன் பேச்சு காதில் விழுந்தது.

"குடுத்தவங்க லிஸ்ட்ல இவங்க பேரே இல்ல" என்றது டாக்டரின் குரல். யாரோ காகிதங்களைப் புரட்டும் சத்தம். "இதோ, குடுக்க முடியாதவங்க கட்டுல இருக்கு. இவங்க பிளட்டே குடுக்கலியே."

"நாலாவது தடவன்னு சொன்னாங்களே" என்றார் பக்கத்து நாற்காலிப் பெண்.

என் கையிலிருந்து பிளாஸ்திரியை மெதுவாகப் பிரித்தார்கள்.

"பஞ்சு கீது, ஓட்டையக் காணோம்" என்றார் தேவராஜ் அண்ணன்.

அந்த இடத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன்: எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் மயக்கத்திலேயே இருப்பது. அதுவும் நடக்கவில்லை. "எமர்ஜென்சி நம்பர் ஒண்ணு எழுதியிருக்காங்க, போட்டுப் பாக்கறேன்" என்றார் ஸ்டெல்லா டீச்சர். அடுத்த நொடி, என் தலைமாட்டில் இருந்த என்னுடைய பைக்குள் போன் அடித்தது.

அது அடித்துக்கொண்டே இருந்தது. பத்து, பன்னிரண்டு ரிங் இருக்கும். டீச்சர் கட் பண்ணியதும் நின்றது. மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் பை அடித்தது. கண்ணைத் திறந்தேன். வேறு வழியில்லை.

டீச்சர் எல்லோரையும் கலைந்துபோகச் சொல்லிவிட்டு என்னைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போனார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, தோசை ஊற்றிப் போட்டார். மூன்றாவது தோசை வரை ஒன்றும் கேட்கவில்லை.

"எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க?"

"எல்லாரும் உக்காந்து பேசிட்டிருந்தாங்க டீச்சர்."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பித் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டார். பிறகு, "இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்றார். போதும் என்று தலையாட்டினேன். அவர் ஊற்றினார். அதைச் சாப்பிட எனக்கு வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு எட்டு மாதம், வாரம் தவறாமல் அவர் வீட்டிலிருந்து முருங்கைக்கீரையோ ஈரல் வறுவலோ வந்தது. அடுத்த ஆண்டு மாடம்பாக்கத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். கிறிஸ்மஸுக்கு கேக் வரும். எதிர் வீட்டில் இப்போது இருக்கிறவர்களை லிஃப்ட்டில் பார்த்தால் சிரிப்பேன். முகாமுக்கு ஒவ்வொரு வருடமும் போகிறேன். இதுவரை என்னால் எட்ட முடிந்த உயரம் பன்னிரண்டு புள்ளி ஒன்று. ரத்தம் கொடுத்ததில்லை.

கனடாவிலிருந்த அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாமலே போயிருக்கும். ஆனால் வீட்டின் சொந்தக்காரன் என்ற முறையில் அவனும் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தான். போட்டோ அங்கே போனது. முன்வரிசையில் எல்லோரும் பல் தெரியச் சிரிக்க, பின்வரிசை ஓரத்தில் நான் நாற்பத்தைந்து டிகிரியில் சாய்ந்துகொண்டிருப்பேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்று அவன் போன் செய்தான். சிரித்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆனது. அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் என்னைத் தெரியாதவர்களுக்கும் என் மயக்கத்தைத் தெரியும். அவன் மகள் மாயாவுக்கு அது தூங்கப்போகும்போது சொல்லும் கதை. "அத்தை எப்படி விழுந்தா?" என்று வீடியோ காலில் கேட்பாள், நான் சோபாவில் விழுந்து காட்டுவேன். அவர்கள் சிரித்து ஓய்ந்து போனை வைத்த பிறகு, எழுந்து குஷனைச் சரிசெய்வேன்.

போன மாதம் அவர்கள் முதல்முறையாக வந்தார்கள். மாயாவுக்கு ஆறு வயது. நேரில் அன்றுதான் பார்க்கிறேன். கட்டிப்பிடிப்பாள் என்று குனிந்தேன். அவள் நேராக எனக்குப் பின்னால் போய், காலை அகட்டி நின்று, இரண்டு கைகளையும் என் முதுகை நோக்கி நீட்டிப் பிடித்தாள்.

"என்னடி பண்றே?" என்றான் அண்ணன்.

"அத்தை விழுவா. நான் புடிப்பேன்" என்றாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் திரும்பவில்லை. அவளுக்குப் பாரம் தெரியாத அளவுக்குக் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து பார்த்தேன். பிடித்துக்கொண்டாள்.