வெள்ளச்சி வாய் வைத்த துணித் தொட்டி

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தைக் கெடுத்தது ஒரு மாடு என்று உத்திரமேரூர்ப் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். மாட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை. கெடுத்தது நான். இத்தனை வருடமாக இதை ஒப்புக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம், யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதுதான். கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதிலும் ஒரு மாதம் உட்கார்ந்தேன். (வாத்தியார் ஒரு கேள்வி கேட்டால் நான் ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். அவருக்கும் பேஜார், எனக்கும் பேஜார். பேசிப் பிரிந்துவிட்டோம்.) அப்புறம் மெட்ராஸில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு டைல்ஸ் ஒட்டப் போனேன். அங்கேதான் அந்தத் தொட்டியைப் பார்த்தேன்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன இடம். அதில் இடுப்பு உயரத்தில் வெள்ளைப் பீங்கான் தொட்டி. நல்ல ஆழம். முன்பக்கம் சரிவாக, துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக இருந்தது. அடியில் ரப்பர் மூடியைப் போட்டு, குழாயைத் திறந்து, துணியை ஊறவைத்து, நின்றபடியே தேய்த்து, அலசி, பிழிந்து எடுத்துக்கொண்டு போகலாம். அந்த வீட்டம்மா பாட்டுப் பாடிக்கொண்டே துவைத்தார். எங்கள் ஊரில் துணி துவைக்கும்போது யாரும் பாடி நான் கேட்டதில்லை. திட்டித்தான் கேட்டிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு அப்போது ரெண்டு முட்டியும் போயிருந்தது. குத்தவைத்து உட்காரவே கூடாது என்று காஞ்சிபுரத்து டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லோ தரையோடு தரையாகக் கிடந்தது. குத்தவைக்காமல் அதில் துவைப்பதென்றால் படுத்துக்கொண்டுதான் துவைக்க வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் நைனா பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினார். இதுதான் சமயம் என்று தொட்டிப் பேச்சை எடுத்தேன்.

"தொட்டியா? மாட்டுக்கு வெளிய ஒண்ணு கீது. வூட்டுக்குள்ள எதுக்குடா? உன்னிய குளிப்பாட்டவா?"

"துணி தோய்க்க நைனா. நின்னுக்கினே தோய்க்கலாம்."

"நின்னுக்கினு தோய்ச்சா அழுக்கு போவாது."

(நிற்கிறோமா உட்கார்ந்திருக்கிறோமா என்று அழுக்குக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு துடித்தது. அம்மாவுக்காக அடக்கினேன். என் வாழ்க்கையில் அது பெரிய தியாகம்.)

நாலு நாள் நச்சரித்த பிறகு நைனா ஒரு நிபந்தனையோடு இறங்கினார். "வெச்சுத் தொலை. ஆனா கிரகப்பிரவேசத்தன்னிக்கு நாலு ஜனம் வரும். அந்தத் தொட்டியால ஒரு பேச்சு வந்துது, அன்னிக்கே கடப்பாரைய வெச்சு இடிச்சுட்டு அங்க கல்லப் போட்ருவேன். அப்பால உங்கம்மா மூஞ்சப் பாத்துக்கினு என்னாண்ட வரக் கூடாது."

அம்மா மறுநாள் கட்டடத்துக்கு வந்து, பின்பக்கச் சுவரோரம் போய் நின்று, ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றில் துணி தேய்த்துப் பார்த்தது. அந்தக் கைக்குக் கீழே நான் செங்கல் துண்டால் சுவரில் ஒரு கோடு போட்டேன். அதுதான் தொட்டியின் உயரம்.

உத்திரமேரூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய் மெட்ராஸிலிருந்து தொட்டியை வரவழைத்துத் தந்தார். ரெண்டு செங்கல் சுவர் எழுப்பி மேலே உட்காரவைத்தேன். சுற்றித் தரை டைல்ஸும் நானே ஒட்டினேன். தொட்டியிலிருந்து கீழே இறங்கும் பைப்பைப் பின்பக்கச் சாக்கடையோடு சேர்க்கிற வேலை மட்டும் பாக்கி. விசேஷத்தன்று யார் துணி துவைக்கப் போகிறார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இந்த "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதைத்தான் நான் மெட்ராஸில் முழுசாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். சமையல் மாஸ்டர் வாலாஜாபாத்துக்காரர். விடிந்ததும் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு, எங்கே கழுவுவது என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னா மாஸ்டர், இதுல கழுவுங்க. அரிசி கழுவலாம், காய் கழுவலாம், கொழந்தயக் குளிப்பாட்டலாம். மெட்ராஸ்ல எல்லாம் இதான்."

"துணித் தொட்டின்னு சொன்னாங்க."

"இன்னும் ஒரு துணி கூடப் படல மாஸ்டர். நம்ம சோத்துப் பானைய விட இது சுத்தம்."

அவர் அரிசியைத் தவணை தவணையாகக் கொட்டிக் கழுவி, கூடையில் அள்ளிக்கொண்டு போனார். தொட்டி நிறையக் கழனித்தண்ணி வெள்ளை வெளேரென்று நின்றது. ரப்பர் மூடியைப் பிடுங்காமல் வைத்திருந்தேன். வருகிறவர்களிடம் காட்ட வேண்டுமே. மூன்று அத்தைமார், ஒரு மாமா, பாய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். "சொட்டுத் தண்ணி எறங்காது பாருங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். நைனா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா புதுப் புடவையில், தொட்டி பக்கமே திரும்பாமல் வேலை செய்துகொண்டிருந்தது. திரும்பினால் கண் பட்டுவிடும் என்று நினைத்தது போல.

வேலைக்காக யார் உள்ளே போய் வந்தாலும், முகூர்த்தத்தில் முறைப்படி புதுவீட்டுக்குள் முதலில் மாடுதான் போக வேண்டும். சித்தப்பா தன் வெள்ளச்சியைக் குளிப்பாட்டி, கொம்பில் பூச்சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் ஐயர் ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கி உட்கார்ந்திருந்தார். மாட்டுக்குப் பூஜை செய்து, அப்புறம் பால் காய்ச்ச வேண்டும். வெள்ளச்சி வலதுகாலை எடுத்துவைத்துதான் உள்ளே வந்தது. "பாத்தீங்களா, சொல்லாமயே வருது" என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னார்.

அதற்குள் அதன் மூக்கு நிமிர்ந்தது.

வெள்ளச்சி தினம் ரெண்டு வேளை கழனித்தண்ணி குடிக்கிற மாடு. அது கூடத்தையும் பார்க்கவில்லை, ஐயரையும் பார்க்கவில்லை. சித்தப்பாவைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு, ஹோமச் செங்கல்லைத் தாண்டி, நேராகப் பின்பக்கம் போய், தொட்டிக்குள் கழுத்து வரை தலையை விட்டது. உறிஞ்சுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அம்மாவின் உயரத்துக்கு நான் போட்ட கோடு அதற்கும் அளவெடுத்த மாதிரி இருந்தது.

"இழு சித்தப்பா."

"நான் இழுத்தா வராதுடா. அது வந்தாத்தான் உண்டு."

கூட்டம் பின்பக்கம் நெருக்கியது. யாரோ ஒரு அத்தை, "வூட்டுக்குள்ளயே மாட்டுக்குத் தொட்டி கட்டிக் கீறாங்க, நல்ல ஐடியா" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே சொன்னார். அதுதான் நைனா காதில் விழுந்தது. பாய் மெதுவாக என் பக்கம் குனிந்து, "தம்பி, நான் குடுத்தது துணிக்கு" என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். "எட்றா கடப்பாரைய."

"இரு நைனா, ஒரு நிமிஷம்." தண்ணீர் இல்லாவிட்டால் மாடு தானாகத் தலையை எடுத்துவிடும் அல்லவா. எட்டாவது படித்த மூளை. மாட்டின் தாடைக்கு அடியில் கையை விட்டு ரப்பர் மூடியைப் பிடுங்கினேன்.

பைப் சேர்க்காதது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தொட்டிக்கு அடியிலிருந்து கழனித்தண்ணி தரையில் கொட்டியது. கொட்டினாலும் பின்பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும். தண்ணீர் ஓடத் தரைக்கு வாட்டம் வைத்தது யார்? நான். எந்தப் பக்கம் வைத்திருந்தேன் என்று அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் காட்டியது. அத்தனையும் கூடத்தைப் பார்க்க ஓடியது. டைல்ஸ் வேலைக்காரன் வீட்டில் டைல்ஸ் வேலை.

கோலம் போச்சு. ஐயர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மணைமேல் ஏறி நின்றார். ஒரு அத்தை வழுக்கி, தாங்கிப் பிடித்த மாமாவையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நைனா தானே கடப்பாரை எடுக்கத் திரும்பினார். புது வேட்டி, புது டைல்ஸ், அரிசித் தண்ணி. கூடத்தின் நடுவில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற கூட்டத்தைவிடச் சிரிக்கிற கூட்டம் மேல் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அம்மா மட்டும் தொட்டியைப் பார்த்தது. முதலும் கடைசியுமாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிற மாதிரி.

தண்ணீர் தீர்ந்த தொட்டியை நக்கி முடித்த வெள்ளச்சி, தலையை எடுத்து, வாலைத் தூக்கி, அங்கேயே சாணி போட்டது. தொடர்ந்து கோமியமும்.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்பது மணிக்குச் சாலவாக்கத்தில் இன்னொரு வீடு இருந்தது. "பேஷ். கோமாதா தீர்த்தம் சாப்ட்டு, சாணமும் கோமியமும் குடுத்துட்டா. லட்சாதிபதி ஆத்துல கூட இப்படி அமையாது. அது லட்சுமி நின்ன இடம். அந்தத் தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வையுங்கோ. பாலைக் காய்ச்சுங்கோ."

ஒரு நொடியில் காற்று மாறியது. அத்தைமார் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நைனா எழுந்து, ஈர வேட்டியோடு போய், தன் கையாலேயே தொட்டிக்கு மூன்று பொட்டு வைத்தார். தொட்டி தப்பியது. நான் வெள்ளச்சியின் காதில் நன்றி சொன்னேன். அது காதை ஆட்டி என் கன்னத்தில் ஒன்று விட்டது.

சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான். அம்மா அழுக்குத் துணி வாளியோடு வந்தபோது நைனா குறுக்கே நின்றார்.

"இன்னாமே பண்ற? லட்சுமி வாய் வெச்ச எடம். அதுல போய் அழுக்குத் துணியப் போடறியா?"

நான் எவ்வளவோ பேசினேன். மாடு சாணி போட்டால் ஆகுமாம், என் சட்டை பட்டால் ஆகாதாம். தொட்டி பூவும் பொட்டுமாக நின்றது. அம்மா வெளியே போய்ப் பழைய கல்லைத் தேடி எடுத்து, குத்தவைத்துத் துவைத்தது. முடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு நிமிஷம் ஆனது.  அன்று மத்தியானமே பைப்பைச் சாக்கடையோடு சேர்த்தேன், வாட்டத்தையும் உடைத்துச் சரிசெய்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

அம்மா என்னை மாதிரி வாதாடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாமி விளக்கு துடைக்கிற துணியை அந்தத் தொட்டியில் அலசியது. சாமித் துணி, நைனா என்ன சொல்வார். அதற்கு அடுத்த வாரம், கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன வேட்டி. அப்புறம் சாமி கும்பிட்ட துண்டு. அப்புறம் அந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்த ஜாக்கெட். ரெண்டு மாதத்தில் சிமெண்ட் படிந்த என் லுங்கி உள்ளே போனது. அன்று நைனா பார்த்துவிட்டார்.

"ஏம்மே, இவன் லுங்கியில எந்த சாமி கீது?"

அம்மா திரும்பவில்லை. "மாடு வாய் வெச்சா லட்சுமி, நான் கை வெச்சா ஆவாதா? சரி, நீ வந்து அந்தக் கல்லாண்ட குந்திக்கினு தோய். நான் இந்தத் தொட்டிக்குப் பூ வெச்சுக்கினு நிக்கறேன்."

 நைனா மாட்டைப் பார்க்கப் போகிறவர் மாதிரி வெளியே போய்விட்டார்.

ஆனால் வெள்ளிக்கிழமைப் பொட்டை மட்டும் அவர் இன்று வரை விடவில்லை. வியாழக்கிழமை சாயந்திரமே தொட்டியைக் கழுவி, முன்பக்க வரிகளில் மஞ்சளைப் பூசி, குங்குமம் வைத்துவிடுவார். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். சிவக்கும். எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி என்று ஒன்று கிடையாது. வேட்டி, பனியன், தலையணை உறை எல்லாம் ஒரு மாதிரி ரோஸ். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் எங்கள் சட்டையைப் பார்த்தே எங்கள் ஊர் ஸ்டாப்புக்கு டிக்கெட் கிழிப்பார்கள்.

ஓரிக்கைக்குப் பெண் பார்க்கப் போனபோதும் என் வெள்ளைச் சட்டை ரோஸாகத்தான் இருந்தது. பெண்ணின் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மா முழுக் கதையையும் சொல்லிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் இப்போது எங்கள் வீட்டில் துணி துவைக்கிறது, அம்மாவுக்குப் பக்கத்தில், நின்றுகொண்டு. போன பொங்கலுக்கு ஆசையாக ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து வந்து அவளிடம் காட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாத்துக்கு யா ரெண்டு வேல? கடையிலயே ரோஸா பாத்து எடுத்தாந்திருக்கலாம் இல்ல?"