புளியில் ஊறிய காதுக் கல்

லப்பைக்குடிகாடு
14.8.2003

மதிப்பிற்குரிய மச்சான் நசீர் அவர்களுக்கு நஜீமுதீன் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. நானும் தங்கள் தங்கை ஹபீபாவும் மகள் பெனாசிரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். ஷார்ஜா வெயிலில் தங்கள் கோபம் தணிந்திருக்க துஆ செய்கிறோம்.

தாங்கள் போனில் உத்தரவிட்டபடி, "மீன் காதை நோண்டுற படிப்பு" போதுமென்று பெனாசிரை நிறுத்திவிட்டு, தங்கள் சிநேகிதர் மகன் ஆசிப்புக்கு ஷவ்வால் மாதம் பத்தில் நிக்காஹ் முடிக்க எனக்குப் பூரண சம்மதம்.

இதை அவளிடம் சொல்ல முடியாமல் போன கதையைக் கேளுங்கள். மாப்பிள்ளை வூட்டார் வர்றாங்கன்னு போன வியாழக்கிழமை வூட்டையே தலைகீழாப் போட்டுக் கழுவினோமா, அப்ப பரங்கிப்பேட்டைக் காலேஜுலேருந்து அவ கொண்டாந்த டப்பா ஒண்ணு ஆப்புட்டுச்சு, உள்ளே கொடுவா மீனோட காதுக் கல்லு நாப்பது, ஒவ்வொண்ணும் மங்கிப்போயி அழுக்கா இருக்க, படிச்ச புள்ளை இப்படியா வச்சிருக்கும்னு நான்தான் மச்சான், பித்தளைத் தாம்பாளம் வெளக்கக் கரைச்ச புளித்தண்ணியில அத்தனையும் ஊறப் போட்டேன், காலையில பாத்தா கல்லெல்லாம் நொய்யரிசியாக் கரைஞ்சு கெடக்கு! ரெண்டு வருஷ உழைப்பு.

அவ கத்தலை. "அத்தா, இது சுண்ணாம்பு, புளிப்பு பட்டா கரையும்"னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்தா. அந்தக் கல்லு மரம் மாதிரி வளையம் வளையமா வளருதாம். மீன் எந்தத் தண்ணியில நீந்துதோ அந்தத் தண்ணியோட உப்பு அந்தந்த வளையத்துல ஏறி நின்னுடுதாம். மெஷின்ல வச்சுப் பாத்தா, இது குஞ்சுல கொள்ளிடத்து முகத்துவாரத்துல வளந்துச்சு, பெறகு கடலுக்குப் போச்சுன்னு புட்டுப் புட்டு வைக்குமாம். எந்த முகத்துவாரம் கெட்டா எந்தக் கடல்ல மீன் கொறையும்னு அப்பத்தான் தெரியுமாம். யா அல்லாஹ், என்ன மூளை! கடல் வாடையே படாத ஊருல பொறந்த புள்ளை! உங்க காதைப் பாத்தாலும் குடிகாட்டுக் கெணத்துத் தண்ணி ஒரு வளையம், ஷார்ஜாத் தண்ணி இருபது வளையம் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

"எல்லாம் போச்சேம்மா"ன்னு நான் அழுதுட்டேன். அவ சிரிச்சா. "மீனுக்கு ரெண்டு காது அத்தா. நீங்க கரைச்சது வலது. இடது லேப்ல பத்திரமா இருக்கு."

ஆகவே மச்சான் அவர்கள் நலமாயிருந்து, வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யவும். ஆசிப்புக்கு எங்கள் சலாம்.

தங்கள் சொல்லைத் தட்டாத,
நஜீமுதீன்

பி.கு.: ஹபீபாவிடம் வாசிச்சுக் காட்டினேன். "பூரண சம்மதம்"னு வாசிச்சதுமே எந்திரிச்சுப் போயிட்டா. ஆகவே ஷவ்வால் பத்து ரத்து. படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம். ஆசிப் காத்திருந்தா சந்தோஷம், இல்லேன்னா வேற நல்ல எடமாப் பாத்துக்கட்டும். கோவிச்சுக்காதீங்க மச்சான், எனக்கும் ரெண்டு காதுதான். ஒண்ணுல இருபது வருஷமா உங்களைத்தான் கேட்டேன். இன்னொண்ணு எம் பொண்ணுக்கு.