ஆச்சா அண்ணன்

திருவண்ணாமலையில் மலையைக் கும்பிட்டால்தான் பொழுது விடியும் என்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஆச்சா அண்ணனுக்கு வயிறு இளகினால்தான் விடியும்.

லாட்ஜுக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆனால் கால் போனதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதே இல்லை. பேச்செல்லாம் குடலைப் பற்றித்தான்.

"காலு நடக்கலன்னா வீல்சேர் இருக்குது. இது நடக்கலன்னா என்னா இருக்குது, சொல்லு?"

தினமும் காலையில் ஒரே நேரம். சூடாக ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வயிற்றைத் தேய்க்க ஆரம்பிப்பார். "கிரிவலம் மாதிரி வலமாத்தான் சுத்தணும். எடமா சுத்துனா கோச்சுக்கும்." அப்புறம் கையுறை, மருந்து, ஓட்டை போட்ட நாற்காலி. போகிற வருகிறவர்கள் எல்லாம் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்கள்: "ஆச்சா அண்ணே?" உள்ளேயிருந்து "ஆச்சுப்பா!" என்று வந்தால் தெருவுக்கே நிம்மதி. பெயர் வந்த கதை அதுதான்.

புதுசாகக் கல்யாணமாகி வந்த என் மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "ஏம்மா, இவனுக்குக் கீரை போடுறியா? மூஞ்சியப் பாத்தா தண்ணி கம்மியாக் குடிக்கிறான்னு தெரியுது."

ஒரே ஒரு தடவை நேரத்தைத் தவறவிட்டார். சொந்தக்காரர் கல்யாணத்துக்காகக் காலை வேலையைத் தள்ளிப்போட்டார். அட்சதை போடக் கையைத் தூக்கியபோது, வீல்சேரிலேயே ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதோடு எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரே மகள் கலைவாணிக்கு, வீட்டிலேயே நிச்சயதார்த்தம். ஜோசியர் குறித்த நல்ல நேரம், சரியாக அண்ணனுடைய நேரம்!

"தட்ட நான் மாத்திக்கிறேன் மாமா" என்றார் அண்ணனின் மச்சான்.

"பொண்ணு என்னோடதுடா" என்றார் அண்ணன். ஆனால் காலையில் காபியைக் குடித்துவிட்டு நேரே பாத்ரூமுக்குத்தான் போனார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "சம்பந்தி எங்க? நேரம் போவுதுங்களே?"

அண்ணி முந்தானையைப் பிசைந்தார். கலைவாணி எழுந்து நின்றாள். "அப்பா பாத்ரூம்ல இருக்காருங்க. லேட்டாவும். தட்டு அவரு கையாலதான். காத்திருக்க முடியலன்னா வேற பொண்ணு பாத்துக்குங்க."

எனக்கு வியர்த்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவும் எழுந்தார். கிளம்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் நேராகப் பாத்ரூம் கதவருகே போய் நின்று, "அவசரப்படாதீங்க சம்பந்தி. நாங்க காபி சாப்புடுறோம்" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "அப்படியே தண்ணியும் ஜாஸ்தியா குடிங்க!"

நல்ல நேரம் போயே போய்விட்டது. ஒரு வழியாகக் கதவு திறந்தது. புது வேட்டியில் அண்ணன். வந்திருந்த மொத்தத் தெருவும் கேட்டது: "ஆச்சா அண்ணே?"

"ஆச்சு!"

எங்கள் தெரு மேளக்காரர் சந்தோஷம் தாங்காமல், தட்டு மாற்றுவதற்கு முன்பே கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

தாம்பூலத் தட்டை அண்ணன் மடியில் வைத்தார்கள். அங்கே அதன் கனம் அவருக்குத் தெரியாது. இரண்டு கையாலும் தூக்கியபோதுதான் தெரிந்திருக்க வேண்டும். அப்படி அழுதார்.

நான் இப்போது வெளியூரில் இருக்கிறேன். காலையில் காபியைக் கையில் எடுத்ததும் அண்ணனுக்குத்தான் முதல் போன். லைன் பிஸியாக இருந்தால், கலைவாணி முந்திக்கொண்டாள் என்று அர்த்தம். காபி ஆறினால் ஆறட்டும், அவர் "ஆச்சுப்பா" என்று சொல்லாமல் அது எனக்குத் தொண்டையில் இறங்காது.