பால்கார ஓட்டோவின் பெயரைக் கெடுத்த உன் மகன்

அன்புத் தங்கை வெர்னாவுக்கு, விஸ்கான்சினிலிருந்து அண்ணன் ஆர்லன் எழுதிக்கொண்டது.

இங்கே ஏரிக் குளிரும் இடுப்பு வலியும் அளவோடு இருப்பதால் நானும் உன் அண்ணி மார்ஜும் சௌக்கியம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் உன் புது முழங்காலும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று ஞாயிறுதோறும் சபையில் வேண்டிக்கொள்கிறோம். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்தது. நாலே நாலுதான் அழுகியிருந்தன. மற்றபடி, உன் அருமை மகன் கர்ட் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டான் என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

'செர்ரி மாதம்' எப்படிப்பட்ட பாட்டு நாடகம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழம் பறிக்கும் பெண்ணாக மூன்று கோடை பாடி, மூன்று கோடையும் ஏணியிலிருந்து விழுந்தவள் நீ. ஊர்க் காதலர்களின் கடிதங்களைப் பால் பாட்டிலோடு சேர்த்து வீடு வீடாகக் கொடுக்கும் பால்கார ஓட்டோ வேஷம் இருபத்தொன்பது வருஷமாக என்னுடையது, வேறு எவனும் அந்தத் தொப்பியைத் தொட்டதில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் நான் பால் கேனைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் கேனுக்குள்ள பத்திரமா இருக்கு கண்ணுங்களா!" என்பேன். உடனே கூடியிருக்கும் அத்தனை பேரும் வாயில் அடக்கி வைத்த செர்ரிக் கொட்டையைத் தகரக் குவளைக்குள் 'தூ' என்று துப்ப, ஆலங்கட்டி மழை மாதிரி ஒரு சத்தம் எழும் பார், அதைக் கேட்கவே மில்வாக்கியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இதைத்தான் கர்ட் சினிமாவாக எடுத்திருக்கிறான், முதல் காட்சி நம் ஊரில்தான் என்றதும் ஊரே துள்ளியது. போன சனிக்கிழமை மதியம் நாடகக் குழு மொத்தமும் வேஷத்தோடு போய் உட்கார்ந்தோம். தலைவி ஜாய்ஸ் வாசலிலேயே நின்று, பிராந்தியில் ஊறப்போட்ட போன வருஷத்துச் செர்ரியை ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்தாள். கர்ட் முன்வரிசையில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த ஆறு பெரிய மனிதர்களோடு. முதல் பாட்டுவரை ஒரு குறையும் இல்லை, மார்ஜ் கூடவே பாடினாள். நாலாவது நிமிஷம் தபால் அதிகாரி கதவைத் திறக்கிறார், வாசலில் பால்காரன். என் தொப்பி, என் மீசை, தலையைச் சாய்த்துச் சிரிக்கும் என் சிரிப்பு. அடுத்த விநாடி தபால் அதிகாரியின் தலை ஓரிடம், உடம்பு ஓரிடம். அப்புறம் மேயர், மேயரின் மாமியார், பழம் பறிக்கும் பெண்கள் ஏணியோடு வரிசையாக. உன் வேஷம் பதினோராவது நிமிஷத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது, விழக்கூட நேரமில்லை. எல்லோரும் பாடிக்கொண்டே சாகிறார்கள், அதுவும் சுருதி பிசகாமல். அதில் குறை சொல்ல மாட்டேன். பாஸ்டர் லிண்ட்ஸ்ட்ரோம் மேல்கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, "முடிஞ்சுதா? யாராவது சொல்லுங்களேன், முடிஞ்சுதா?" என்று கேட்டபடியே இருந்தார். "பேண்டு வாத்தியக் கோஷ்டி இன்னும் பாக்கி இருக்கு பாஸ்டர்" என்றாள் மார்ஜ்.

கடைசியில் அந்தப் பாவி பால்காரன் கேனைத் தூக்கிக் காட்டுகிறான். உள்ளே விளிம்புவரை மனிதப் பற்கள். "எல்லாம் கேனுக்குள்ள பத்திரமா இருக்கு கண்ணுங்களா!" பழக்கதோஷம் என்ன செய்யும் சொல், முந்நூறு வாயும் ஒரே சமயத்தில் துப்பிவிட்டன. சினிமாக் கொட்டகையில் தகரக் குவளை ஏது? அத்தனை கொட்டையும் நேராகப் பறந்து போய் முன்வரிசைப் பெரிய மனிதர்களின் பிடரியில் விழுந்தது. அதில் ஓர் அம்மாள் தலைமுடியிலிருந்து கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே, "விடு கர்ட், அழாத. சின்ன ஊருக்காரங்க, படத்தப் பத்தி என்ன தெரியும்? காறித் துப்பிட்டாங்க" என்று அவனைத் தேற்றினாளாம். தன் படத்துக்கும் ஊர் கொட்டை துப்பிவிட்டதே என்ற சந்தோஷத்தில்தான் அவன் அழுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து என் பாடு நாய் படாத பாடு. வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பரிமாறும் பெண் தட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்கிறாள். ஊரில் எந்தக் குழந்தை பிறந்தாலும் என் பால் கேனுக்குள் உட்காரவைத்துப் படம் எடுப்பது வழக்கமில்லையா, இந்த வாரம் மட்டும் மூன்று தாய்மார்கள் போன் செய்து வேண்டாம் என்றார்கள். அதற்கு மேல் ஜாய்ஸ் வந்து, "இந்த ஜூலைல ஓட்டோவ வென்டல் பண்ணட்டுமே ஆர்லன், குழந்தைங்க பயப்படுதுல்ல" என்கிறாள். வென்டல் பல் டாக்டர்! பல் டாக்டரைப் பார்த்தால் குழந்தைகள் ஓடி வந்து மடியில் உட்காருமா? வியாழக்கிழமை குழு கூடி முடிவெடுக்கிறது. ஓட்டோ இல்லாவிட்டால் நான் யார் வெர்னா? ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து டிரைவர், அவ்வளவுதான்.

பொறுக்க முடியாமல் கர்ட்டுக்குப் போன் போட்டேன். "ஏண்டா, அந்த நல்ல மனுஷன இப்படி மாத்தி வச்சிருக்க?" என்று கேட்டேன். அவன் சொல்கிறான்: "நான் எதையும் மாத்தல மாமா. நீங்க ஓட்டோ போட்ட மொத வருஷம் எனக்கு ஏழு வயசு. முன்னால உக்காந்திருந்தேன். நீங்க தலையச் சாய்ச்சு சிரிச்சீங்க பாருங்க, கால்சட்டையிலயே போயிட்டேன். அம்மாதான் தூக்கிட்டு வெளிய ஓடுனாங்க. எனக்குத் தெரிஞ்ச ஓட்டோ அதுதான் மாமா."

அன்றைக்கு நீ என்னிடம் என்ன சொன்னாய்? குழந்தைக்கு வயிற்றுவலி என்றாய். இருபத்தொன்பது வருஷம் நான் அதை நம்பினேன். போனை வைத்துவிட்டுக் கார் ஷெட்டில் கேன் மேல் உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கென்ன. மார்ஜ் வந்து, "இதுக்குப் போயா? சிரிங்க பாப்போம்" என்றாள். சிரித்தேன். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

ஆகவே கர்ட் இனிமேல் எனக்கு மருமகன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் இந்தப் பக்கம் வரவேண்டாம். நீ அவனைக் கூப்பிட்டு வாயார நாலு வார்த்தை திட்டினால்தான் என் மனம் ஆறும். உன் முழங்காலுக்கும், அதை வைத்துத் தந்த டாக்டருக்கும் ஆண்டவர் எல்லா நலமும் அருளட்டும்.

உன் அன்பு அண்ணன்,
ஆர்லன் குண்டர்சன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. ஜூலை டிக்கெட் அத்தனையும் ஒரே காலையில் தீர்ந்துபோய், இன்னும் நாலு காட்சி கூட்டியிருக்கிறார்கள். அந்த மூன்று தாய்மார்களும் குழந்தைகளோடு வரிசையில் நிற்கிறார்கள். வேஷம் எனக்கேதான். இந்த வருஷம் கொஞ்சம் சாந்தமாகச் சிரிக்கட்டுமா என்று ஜாய்ஸிடம் கேட்டேன். "சிரிப்புல மட்டும் கை வச்சிராத ஆர்லன்! எங்க எல்லாருக்கும் மொத வருஷத்துலேருந்தே பயந்தான். அதுக்குத்தான வர்றோம்" என்றாள். கர்ட்டைத் திட்டியிருந்தால் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள். வயிற்றுவலிப் பொய்யையும் மன்னித்தேன். கேனுக்குள் போட அந்தப் பற்களை எங்கே வாங்கினான் என்று மட்டும் கேட்டு உடனே எழுது; வென்டலிடம் கேட்டால் கோபத்தில் ஒரு கடைவாய்ப்பல்கூடத் தரமாட்டேன் என்கிறான்.